வடக்கே ஓடும் ஆறு: அம்மாவோடு லெட்ச்வொர்த்துக்கு

திங்கள்

அம்மா அமெரிக்காவில், நியூஜெர்சி எடிசனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. வந்த மூன்றாவது வாரமே நயாகரா காட்டிவிட்டோம். ஊரிலிருந்து வருகிற எல்லாப் பெற்றோருக்கும் இங்கே நடக்கிற சடங்கு அது. படகில் ஏறி, நனைந்து, படம் எடுத்து, ஊருக்கு அனுப்பி எல்லாம் ஆயிற்று. திரும்பி வரும்போது காரில் கேட்டாள்: "எல்லாம் பெருசாத்தான் இருக்கு. ஆனா ஆறு எங்கட்டி? விழுற தண்ணியத்தான் காமிச்சே. ஓடுற தண்ணியப் பாக்கவே இல்லையே."

அந்தக் கேள்வி ஒரு மாதமாக மனசில் கிடக்கிறது. அம்மா பிறந்தது முறப்பநாட்டுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில். கல்யாணம் ஆகிற வரைக்கும் தினமும் ஆற்றில்தான் குளியல். நவம்பர் முதல் வாரம் ஊருக்குக் கிளம்புகிறாள். அதற்குள் ஒரு ஆற்றங்கரையில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

வீட்டுக்காரரும் நானும் இன்று இரவு பேசி முடிவெடுத்துவிட்டோம். இந்தச் சனி, ஞாயிறு லெட்ச்வொர்த் மாநிலப் பூங்கா. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ராச்செஸ்டர் நகருக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரக் கார் பயணம், சாப்பிட நிறுத்தினால் ஆறு. ஜெனசீ என்ற ஆறு பாறையை அறுத்துக்கொண்டு போகிற பள்ளத்தாக்கை அப்படியே பூங்காவாக வைத்திருக்கிறார்கள். நீளம் 17 மைல், பரப்பு 14,000 ஏக்கருக்கு மேல். பெரிய அருவிகள் மூன்று. பள்ளத்தாக்கின் சுவர் சில இடங்களில் 600 அடி உயரம்.

இதை விடப் பக்கத்தில் வாட்கின்ஸ் கிளென் இருக்கிறது. அழகான இடம், ஓடைக்குள்ளேயே நடப்பது போல இருக்கும். ஆனால் 800-க்கும் மேல் கல் படிகள். அம்மாவின் வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. பத்துப் படி இறங்கினால் நின்று மூச்சு வாங்குவாள், ஏறுவது அதைவிடக் கஷ்டம். லெட்ச்வொர்த்தில் பூங்காச் சாலை மேற்குக் கரையின் விளிம்பை ஒட்டியே போகிறது. காரை நிறுத்தி இறங்கிச் சில அடி நடந்தால் கீழே ஆறு தெரியும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவ்வளவு தூரம்.

செவ்வாய்

தங்குவதற்கு அலைந்தேன். பூங்காவுக்குள்ளேயே கூடாரம் போடவும் மரக் குடில்களில் தங்கவும் இடம் உண்டு. ஆனால் நியூயார்க் மாநிலப் பூங்காக்களில் ஒன்பது மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். இலை நிறம் மாறும் அக்டோபர் வாரக் கடைசிகளுக்கு ஜனவரியிலேயே ஆட்கள் உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள். நான் நான்கு நாளுக்கு முன்னால் தேடினால் கிடைக்குமா? வடக்கு வாசல் பக்கம் ஒரு சின்ன விடுதியில் அறை கிடைத்தது. போன் செய்து, தரைத் தளத்தில்தான் வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை என்று சொன்னேன். சரி என்றார்கள்.

அப்புறம் இரவு வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. விரலை ஆற்றின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தவள், "அம்மா, இது தப்பா இருக்கே, ஆறு மேல போகுதே" என்றாள்.

தப்பில்லை. ஜெனசீ பென்சில்வேனியாவில் பிறந்து, நேராக வடக்கே ஏறி, 150 மைலுக்கு மேல் ஓடி, ராச்செஸ்டர் நகருக்குள் புகுந்து ஒன்டாரியோ ஏரியில் விழுகிறது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"வடக்கயா பாயுது?"

"ஆமா ஆச்சி. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்" என்றாள் பெரியவள்.

"அப்ப உத்தரவாகினில்லா!"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்து ஆறுகள் பெரும்பாலும் கிழக்கே ஓடிக் கடலில் சேர்கின்றன. நடுவில் எங்கேயாவது வளைந்து வடக்கு நோக்கிப் பாய்ந்தால் அதை உத்தரவாகினி என்பார்கள், அந்த இடம் விசேஷம். காசியில் கங்கை வடக்கே பாய்கிறது. முறப்பநாட்டிலும் தாமிரபரணி வடக்கே திரும்பி ஓடும். அதனால் அங்கே அதைத் தட்சிண கங்கை என்பார்கள், அங்கே முழுக்குப் போட்டால் காசிக்குப் போன புண்ணியம் என்பார்கள். அம்மா இதைக் கேட்டே வளர்ந்தவள். கொஞ்ச தூரம் வடக்கே ஓடுவதற்கே அவ்வளவு பெருமை என்றால், பிறந்ததிலிருந்து வடக்கேயே ஓடுகிற ஆறு?

"அப்ப நான் அந்தத் தண்ணியத் தொட்டுரணும்" என்றாள்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். தூக்கம் வரவில்லை. அந்தப் பூங்காவில் ஆறு எல்லா இடத்திலும் கண்ணுக்குத் தெரியும். கைக்கு எட்டுமா?

புதன்

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே வேலை. சாலை மேலே, ஆறு பல நூறு அடி கீழே. மேல் அருவி, நடு அருவி இரண்டையும் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம், ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். வேலியைத் தாண்டுகிற பேச்சே இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பாறை பெரும்பாலும் களிப்பாறை, அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிரும். விளிம்பில் நின்று படம் எடுக்கப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் மட்டத்துக்குப் பாதை இறங்குகிற இடம் என்று எனக்குக் கிடைத்தது கீழ் அருவிதான். அங்கே ஆறு ஒடுங்கி ஒரு கல் பாலத்துக்கு அடியில் போகிறது. கரையில் தட்டைப் பாறை இருக்கிறது. ஆனால் போக 127 படி இறங்க வேண்டும், திரும்ப அதே 127 ஏற வேண்டும். அம்மாவுக்கு அது நடக்காது.

ஆகவே திட்டம் இது. சனிக்கிழமை தெற்கு வாசலான போர்ட்டேஜ்வில் வழியாக நுழைவது. மேல் அருவி, நடு அருவி, இன்ஸ்பிரேஷன் பாயின்ட் மூன்றும் அந்தப் பக்கம் அடுத்தடுத்து இருக்கின்றன, மூன்றுக்கும் முழங்கால் தேவையில்லை. ஞாயிறு காலை கீழ் அருவி. ஒருவர் அம்மாவோடு மேலே இருக்க, மற்றவர்கள் இறங்கலாம். அப்புறம் உல்ஃப் கிரீக்கில் சாப்பாடு, வடக்கு முனையில் அணை, வீடு. பூங்காவுக்குள் காரில் மறுகரைக்குத் தாண்ட வழி கிடையாது, அதனால் மேற்குக் கரையோடு நிறுத்திக்கொள்வது. கிழக்குக் கரையையும் சேர்த்தால் பாதி நேரம் சாலையில் போய்விடும்.

தண்ணீரைத் தொடுவதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "பாத்துக்கிடலாம்" என்றாள்.

வியாழன்

வரைபடத்தை அச்சடித்து வைத்தேன். பள்ளத்தாக்குப் பக்கம் போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. காலைக் குளிர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் என்று காட்டுகிறது. அம்மாவுக்குக் கம்பளிச் சாக்ஸ், மப்ளர், பிடிமானம் உள்ள ஷூ. சேலைக்கு ஷூ போட மாட்டேன் என்றவள், நான் ஒன்றும் சொல்லாமல் முழங்காலைப் பார்த்ததும் போட்டுக்கொண்டாள்.

வெள்ளி

புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் காய்ச்சியாயிற்று. இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழை இலையில் கட்டுவது அம்மா பொறுப்பு. உறைந்த வாழை இலை இந்தியக் கடையில் கிடைக்கிறது. காலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். இன்று இவ்வளவுதான்.

சனி

ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். 80-ம் எண் நெடுஞ்சாலை, அப்புறம் 380, 81 பிடித்து பிங்ஹாம்டன் வரை. அங்கிருந்து மேற்கே 86. கார்னிங் தாண்டும்போது வெயில் வந்து மலை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக எழுந்து நின்றது. டான்ஸ்வில்லில் பெரிய சாலையை விட்டு இறங்கினோம். அங்கேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சோளக்காடும் மாட்டுப் பண்ணையும்தான்.

போர்ட்டேஜ்வில் என்ற பெயரைப் பெரியவள் விளக்கினாள். அருவி குறுக்கே வருவதால் அந்தக் காலத்தில் படகோடு வந்தவர்கள் இங்கே படகைத் தூக்கிக்கொண்டு கரைவழியாக நடந்திருக்கிறார்கள், அதுதான் போர்ட்டேஜ். "படகு மனுசனச் சுமக்கும், இங்க மனுசன் படகச் சுமந்தானா" என்றாள் அம்மா.

வாசலில் பதினொன்றரைக்கு இருபது கார் வரிசை. காருக்கு 10 டாலர். இந்த மாநிலப் பூங்காக்களுக்கு அடிக்கடி போகிறவர்கள் 80 டாலருக்கு எம்பயர் பாஸ் வாங்கிக்கொண்டால் ஆண்டு முழுக்கக் கவலையில்லை. வாரக் கடைசியில் வருகிறவர்கள் பத்து மணிக்கு முன்னால் உள்ளே போய்விடுங்கள். நாங்கள் உள்ளே போன நேரத்தில் மேல் அருவிக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று வந்தோம்.

மேல் அருவிக்கு நேர் மேலே ரயில் பாலம். சின்னவனுக்கு ஏழு வயது, அவனுக்கு அருவி இரண்டாம் பட்சம். இந்தப் பாலத்துக்கு ஒரு கதை இருக்கிறது, அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 1852-ல் முதலில் மரத்தால் கட்டினார்கள், 234 அடி உயரத்துக்கு முழுக்க முழுக்க மரம். 1875 மே மாதம் ஒரு விடியற்காலையில் அது எரிந்து விழுந்தது. அதே வருஷம் ஜூலை முடிவதற்குள் இரும்புப் பாலம் கட்டி ரயில் விட்டுவிட்டார்கள். அந்த இரும்புப் பாலம் 142 வருஷம் நின்றது. கடைசிக் காலத்தில் அதன் மேல் சரக்கு ரயில் மணிக்கு 10 மைல் வேகத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும். 2017 டிசம்பரில் பக்கத்திலேயே இப்போதுள்ள வில் பாலத்தைத் திறந்துவிட்டு, பழையதைப் பிரித்து எடுத்தார்கள்.

"ரயில் எப்ப வரும்?" என்று சின்னவன் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

நடு அருவிக்கு வந்தோம். உயரம் 107 அடி. கார் நிறுத்தும் இடத்திலிருந்து நடை சில நிமிடம், சமதளப் பாதை. அருவியின் தலைக்கு நேராகக் கல் சுவர். சுவரின் ஓரத்தில் அம்மாவை உட்கார வைத்தேன். என் அட்டவணையில் இந்த இடத்துக்கு இருபது நிமிடம் எழுதியிருந்தேன். அம்மா எழுந்திருக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று.

அவள் அருவியைப் பார்க்கவில்லை. அருவிக்கு முன்னால் இருக்கும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தண்ணீர் பழுப்பாக, மெல்லியதாக, தட்டைப் பாறை மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. விளிம்புக்கு வருகிற வரைக்கும் அதற்கு விழப்போகிறோம் என்பதே தெரியாது. ஒரு மேப்பிள் இலை மிதந்து வந்தது, கருஞ்சிவப்பு. ஒரு பாறை இடுக்கில் மாட்டிச் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பின்னால் வந்த தண்ணீர் தள்ளித் தள்ளி அது ஓரமாக நழுவி விளிம்பைத் தாண்டியதும் "போயிட்டு" என்றாள்.

எங்களுக்குப் பின்பக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய வீடு இருக்கிறது, கிளென் ஐரிஸ். இப்போது விடுதி. இந்தப் பூங்காவே அந்த வீட்டிலிருந்து பிறந்ததுதான். வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் பஃபலோ நகரத்து வியாபாரி. குதிரைச் சேணத்துக்கான இரும்புச் சாமான் தொழில். 1859-ல் இந்த நிலத்தை வாங்கினார். அப்போது இங்கே மரம் அறுக்கும் ஆலை இருந்தது, சுற்றியிருந்த காட்டை வெட்டி மொட்டையாக்கி வைத்திருந்தார்கள். அவர் திரும்பவும் மரங்களை நட்டார். நட்டுவிட்டு ஐம்பது வருஷம் பார்த்துக்கொண்டார். ஐரிஸ் என்பது கிரேக்கர்களின் வானவில் தேவதை. அருவியின் சாரலில் வானவில் தெரிவதால் வீட்டுக்கு அந்தப் பெயர். கடைசியில் மின்சாரத்துக்காக ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்ட ஒரு கம்பெனி கிளம்பியது. கட்டியிருந்தால் இந்த அருவிகளின் கதி என்ன? 1906-ல் 1,000 ஏக்கரையும் நியூயார்க் மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், இது எப்போதும் எல்லோருக்கும் பூங்காவாக இருக்க வேண்டும் என்று. உயிரோடு இருக்கும் வரை அங்கே வசிக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். 1910-ல் காலமானார்.

"பிள்ளைக உண்டா அவருக்கு?" என்றாள் அம்மா.

"கல்யாணமே பண்ணிக்கலை."

அம்மா வீட்டைத் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, என்ன ஏது என்று தெரியாமலே அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

மூன்று மணிக்கு மேல் வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் சாய்ந்தது. கீழே சாரலுக்குள் ஒரு முழம் நீளத்துக்கு நிறம் தெரிந்தது. முதலில் பச்சை, அப்புறம் சிவப்பு. பிள்ளைகள் கத்தின கத்தலில் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

இன்ஸ்பிரேஷன் பாயின்டில் புளியோதரை. அங்கிருந்து பார்த்தால் பாலமும் அருவிகளும் ஒரே சட்டத்துக்குள் வரும், எல்லோரும் படம் எடுக்கிற இடம் அதுதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சரக்கு ரயில் வந்தது. சின்னவன் 61 பெட்டி வரை எண்ணினான், கையில் அப்பளம் அப்படியே இருந்தது.

ஆறரைக்கு இருட்டிவிட்டது. விடுதியில் எங்களுக்கு வைத்திருந்தது மாடி அறை, லிஃப்ட் கிடையாது. செவ்வாய்க்கிழமை போனில் சரி என்று சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்று பேசித் தரைத் தளத்தில் அறை வாங்கினோம். சிகரெட் நாற்றம், ஜன்னலைத் திறந்தால் குளிர். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் ஆறவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் போனில் கேட்டதோடு விடாமல், தரைத் தளம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஞாயிறு

ஏழரைக்குப் பூங்காவில் இருந்தோம். வாசல் காலை ஆறுக்கே திறந்துவிடும். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்து, பால் ஊற்றின மாதிரி. ஆறு தெரியவே இல்லை, சத்தம் மட்டும்தான். "இதுதான் நல்லாருக்கு" என்றாள் அம்மா. முறப்பநாட்டில் மார்கழிக் காலையில் ஆற்றை இப்படித்தான் கேட்டுக்கொண்டே இறங்குவார்களாம்.

கீழ் அருவி நிறுத்தத்தில் கல் மேசை ஒன்றில் அம்மாவை உட்கார வைத்தோம். இந்தப் பூங்காவின் கல் சுவர்கள், மேசைகள், படிகள் பலவற்றையும் 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை வைத்து அரசாங்கம் கட்டியது. ஒரு கல் கூட ஆடவில்லை. வீட்டுக்காரரும் சின்னவனும் ஃபிளாஸ்க் காப்பியோடு அம்மாவுக்குத் துணை. "அத்தை, நான் இங்கயே இருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். நானும் பெரியவளும் இறங்கத் தயாரானபோது அம்மா தன் துணிப்பையைத் திறந்தாள். மடித்த துண்டுக்குள்ளிருந்து சின்ன எவர்சில்வர் செம்பை எடுத்து நீட்டினாள்.

"நான் வர முடியாதுன்னு தெரியும். நீ மோந்துட்டு வந்துரு."

புதன்கிழமை "பாத்துக்கிடலாம்" என்றாளே, அது இதுதான்.

படிகள் ஈரம். நனைந்த இலைகள் படியோடு ஒட்டிக்கிடந்தன, கால் வைத்தால் வழுக்குகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர். கிட்டப் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், விரல் நகத்தின் கனத்துக்கு ஏடு ஏடாக அடுக்கு. தொட்டதும் ஒரு துண்டு உதிர்ந்தது. முப்பத்தைந்து கோடி வருஷத்துக்கும் முன்னால் இங்கே கடல். அதன் அடிச் சேறு இறுகி ஆன கல் இது. பள்ளத்தாக்கு அவ்வளவு பழசில்லை. பனியுகத்துப் பனிப்பாளம் ஆற்றின் பழைய பாதையை மண்ணால் அடைத்துவிட்டுப் போக, ஆறு புது வழி தேடி இந்தக் கல்லை அறுத்துக்கொண்டது.

கீழே இறங்கியதும் பனி விலகிக்கொண்டிருந்தது. கல் பாலத்தின் இந்தப் பக்கம், பாதை தண்ணீரோடு ஒட்டி வருகிற தட்டைப் பாறையில் குந்தி உட்கார்ந்து செம்பைச் சாய்த்தேன். விரல் மரத்துப்போகிற குளிர். பெரியவள் பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் லேசாகப் பழுப்பு, ஒரு சின்ன இலைத் துணுக்கும் உள்ளே வந்துவிட்டது. எடுத்துப் போடலாம் என்று பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

ஏறும்போது பெரியவள்தான் கொண்டுவருவேன் என்று வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் செம்பைப் பிடித்து இன்னொரு கையை மேலே மூடி, 127 படியும் எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்று இடத்தில் நின்றோம். கொஞ்சம்தான் சிந்தியது.

அம்மா ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். அந்தக் குளிரில். "கிழக்கு எது?" என்று கேட்டாள். வெயில் வருகிற பக்கத்தைக் காட்டினேன். உள்ளங்கையில் விட்டுத் தலையில் மூன்று தடவை தெளித்துக்கொண்டாள். அப்புறம் சின்னவன் தலையில், பெரியவள் தலையில், மாப்பிள்ளை தலையில், கடைசியாக என் தலையில். கழுத்துக்குள் இறங்கின தண்ணீரில் உடம்பு ஒரு குலுக்கு குலுக்கியது. மிச்சத்தைச் செம்போடு மூடித் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நடு அருவிப் பக்கம் திரும்பி வந்து, மேலே மேட்டில் இருக்கும் கவுன்சில் கிரவுண்ட்ஸுக்குப் போனோம். காரிலேயே ஏறலாம். கூட்டமே இல்லை. இந்தப் பள்ளத்தாக்கு செனகா மக்களுடையது, ஜெனசீ என்பதே அவர்கள் மொழியில் இனிய பள்ளத்தாக்கு என்று பொருள் தரும் சொல். அவர்களின் பழைய மன்றக் கட்டடம் ஒன்று வேறிடத்தில் சிதைந்துகொண்டிருந்தது. லெட்ச்வொர்த் அதை வாங்கி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். 1872 அக்டோபர் 1-ம் தேதி, அந்த மக்களின் வாரிசுகள் இதற்குள் கூடிக் கடைசி முறையாக மன்றம் நடத்தினார்கள். செதுக்கிய மரக்கட்டைகளின் மேல் கை வைத்துப் பார்த்தேன், கோடரி வெட்டு இன்னும் தெரிகிறது.

பக்கத்தில் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை. நடந்துகொண்டிருக்கிறாள், முதுகில் குழந்தை. மேரி ஜெமிசன். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம், கப்பலிலேயே பிறந்தவள். பென்சில்வேனியாவில் இருந்தபோது, போர்க் காலத்தில், பதினைந்து வயது வாக்கில் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சகோதரனைச் சண்டையில் இழந்த இரண்டு செனகாப் பெண்கள் அவளைச் சகோதரியாக ஏற்றுக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு பல நூறு மைல் நடந்து ஜெனசீக் கரைக்கு வந்து சேர்ந்தாள். பிறகு திரும்பிப் போக வழி கிடைத்தும் போகவில்லை. 1833-ல் இறந்தாள், 1874-ல் லெட்ச்வொர்த் அவள் எலும்புகளைக் கொண்டுவந்து இங்கே புதைத்தார்.

"அவ அம்மையத் திரும்பப் பாத்தாளா?"

"இல்லம்மா. அம்மா அப்பாவ அப்பவே கொன்னுட்டாங்க."

பிரிகிற ராத்திரியில் அந்தத் தாய், உன் பெயரை மறந்துவிடாதே, உன் மொழியை மறந்துவிடாதே என்று மகளிடம் சொன்னாளாம். மேரி வயதான பிறகு சொன்ன கதை 1824-ல் புத்தகமாக வந்தது, அதில் இது இருக்கிறது. நான் இதைத் தமிழில் சொல்லும்போது பெரியவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காருக்கு வருகிற வரைக்கும் விடவில்லை.

உல்ஃப் கிரீக்கில் இட்லி, தயிர்சாதம். ஒரு சின்ன ஓடை சாப்பாட்டு மேசைகளைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் குதிக்கிறது. அதற்கு மேல் விவரிக்க ஒன்றுமில்லை, சாப்பிடுவதற்கு நல்ல இடம்.

கடைசியாக வடக்கு முனையில் மவுன்ட் மாரிஸ் அணை, 230 அடி உயரம். அணை என்றால் பாபநாசம் மாதிரித் தண்ணீர் தேங்கி நிற்கும் என்று அம்மா எதிர்பார்த்தாள். இங்கே பெரும்பாலும் காலியாகத்தான் வைத்திருப்பார்கள். வெள்ளம் வரும்போது மட்டும் பிடித்துக்கொண்டு மெல்ல விடுவதற்காக 1952-ல் முடித்த அணை. 1972 ஜூனில் ஏக்னஸ் புயல் மழையில் இது விளிம்பு வரை நிறைந்தது, ராச்செஸ்டர் நகரம் தப்பியது. "வெள்ளத்துக்குன்னே ஒரு அண" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏறி வந்து ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனதே, அந்த ராத்திரி சித்தி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

வீட்டுக்கு வந்து சேர மணி பத்தேகால்.

திங்கள்

துணியெல்லாம் துவைக்கப் போட்டாயிற்று. செம்பில் மிச்சமிருந்த தண்ணீர் எங்கள் சாமி அலமாரியில், காசியிலிருந்து யாரோ கொடுத்த சின்னக் கங்கைச் சொம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலைத் துணுக்கு அடியில் படிந்திருக்கிறது.

காலையில் அம்மா சித்திக்குப் போன் போட்டாள். அருவி, ரயில், சிலை, அணை எல்லாம் சொல்லி முடித்ததும் சித்தி கேட்டது எனக்குக் கேட்டது: "வடக்க பாயுற ஆறுங்கிறே, குளிச்சியா இல்லியா?"

"தலைக்குத் தெளிச்சாச்சு" என்றாள் அம்மா. "பேத்தி கொண்டாந்தா."